பேசாத பதினான்கு மெஷின்கள்

அக்டோபர் 17, வெள்ளி

ஷம்லா எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு கேள்வி கேட்டாள். "டீச்சரே, லினக்ஸ் ஏத்தும்போது கம்ப்யூட்டர் திரையில எழுதி எழுதிக் கேள்வி கேக்குமாமே. நமக்குத்தான் திரை தெரியாதே, அப்போ அது யார்கிட்ட கேக்கும்?"

அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் இப்போது பத்தாம் வகுப்பு. இன்று பள்ளிக்கூடத்தில் பதினான்கு பழைய மெஷின்கள் வந்து இறங்கின. மூடிப்போன ஓர் அலுவலகம் தானமாகக் கொடுத்தது. உள்ளே ஒன்றுமில்லை, வெறும் டிஸ்க். திரை ஒன்றே ஒன்றுதான் வந்திருக்கிறது. பார்வையில்லாதவர்களின் பள்ளிக்கு எதற்கு அத்தனை திரை என்று நினைத்திருப்பார்கள். நினைத்ததில் தப்பில்லை. எனக்கும் பிறவியிலிருந்தே அது பயன்பட்டதில்லை. இந்தக் குறிப்பைக்கூட, அடிப்பதை வாசித்துச் சொல்லும் மெஷினில்தான் அடிக்கிறேன்.

மார்ச்சில் பொதுத்தேர்வு. இதுவரை நம் பிள்ளைகள் வாயால் சொல்ல, வேறு பள்ளியிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவாள். இந்த வருடம், பேசும் கம்ப்யூட்டரில் அவர்களே எழுதலாம் என்று அனுமதி கேட்டிருக்கிறோம். நவம்பர் 13-ம் தேதி ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். அன்று அறை தயாராக இருந்தால் அனுமதி. இல்லையென்றால், எழுதிக்கொடுக்கிறவர்களின் பட்டியலை ஹெட்மாஸ்டர் சுகதன் மாஷ் அனுப்பிவிடுவார். பிறகு இந்த வருடத்துக்குப் பேச்சே இல்லை.

ஓய்வு பெற்று எட்டு வருடமாகிறது, கம்ப்யூட்டர் வகுப்புக்கு மட்டும் வந்துபோகிறேன். ஆனாலும் "ஏலியாம்மா டீச்சர் பாத்துக்குவாங்க" என்று மாஷ் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பார்த்துக்கொள்கிறேன். வேறென்ன செய்ய.

அக்டோபர் 22, புதன்

ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கண்ணுள்ள ஆளை உட்கார வைத்து ஏற்ற முடியாது. அதனால் வேறு வழி. அறையின் மூலையில் சர்வர் என்று, பதினான்கில் சேராத ஒரு மெஷின். அதில், கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் முழுவதும் இருக்கிறது. கூடவே ஒரு விடைத்தாளும் இருக்கிறது. எந்த மொழி, எந்த விசைப்பலகை, டிஸ்க்கை எப்படிப் பிரிக்கவேண்டும் என்று கேட்கப்போகிற ஒவ்வொன்றுக்கும் பதில் முன்கூட்டியே எழுதி வைத்த கோப்பு. பெண் பார்க்க வருகிறவர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று தெரிந்து, பதிலெல்லாம் எழுதிக் கதவில் ஒட்டிவைத்துவிட்டு அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போவது போல. மற்ற மெஷின்களின் பொத்தானை அமுக்கினால் போதும். அவை வயர் வழியாக சர்வரைத் தேடிப் போய், எல்லாவற்றையும் வாங்கித் தாமே ஏற்றிக்கொள்ளும்.

ஆலுவாயில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கும் பினோய் போனில் சொல்லித்தருகிறான். கடைசி வரியாக நான் ஒன்றைச் சேர்த்தேன். எல்லாம் முடிந்ததும் மெஷின் வாய்திறந்து, "நமஸ்காரம், நான் தயார்" என்று சொல்லவேண்டும்.

முதல் மெஷினில் இன்று முயன்றோம். காத்திருந்தேன். மின்விசிறியின் இரைச்சல், டிஸ்க் அரைக்கும் சத்தம், பிறகு எதுவுமில்லை, பிறகு மறுபடி அரைக்கும் சத்தம். அப்புறம் அது பேசியது. நான் எழுந்தே விட்டேன்.

அக்டோபர் 24, வெள்ளி

ஐந்தாம் மெஷின் பேசவில்லை. ஏன்?

அக்டோபர் 27, திங்கள்

மௌனத்தில் எத்தனை வகை என்று இந்த வேலையில்தான் தெரிகிறது. வேலை செய்துகொண்டிருப்பதால் வரும் மௌனம் ஒன்று. செத்துப்போன மௌனம் ஒன்று. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது இன்னொன்று. காதுக்கு மூன்றும் ஒன்றுதான்.

அறையின் பொறுப்பு உதவியாளர் கௌசல்யாவிடம் அந்த ஒற்றைத் திரையை மாட்டி வாசிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஐந்தாம் மெஷினுக்குள் இரண்டு டிஸ்க் இருக்கிறதாம். எதில் ஏற்றட்டும் என்று கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமையிலிருந்து பொறுமையாக நிற்கிறது. விடைத்தாளில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. எல்லா வீட்டிலும் ஒரே ஒரு அடுப்படிதான் இருக்கும் என்று நினைத்து எழுதியது நான்தானே.

ஒரு வரி சேர்த்தேன். பேசியது.

அக்டோபர் 31, வெள்ளி

ஒன்று, ஐந்து, ஒன்பது — மூன்றும் சோதனையில் தேறின. அடுத்த வாரம் பதினான்கையும் ஒன்றாகப் போட்டுவிடலாம் என்கிறான் பினோய்.

மதியத்துக்கு மேல் துலாமாத இடி, ஐப்பசியில் வருவது. தொடுபுழைப் பக்கத்து இடியைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. முதல் உறுமல் கேட்டதுமே வீடுகளில் டிவி வயர், போன் வயர் எல்லாம் பிடுங்கப்பட்டுவிடும். கௌசல்யாவும் அப்படித்தான். பள்ளிக்குப் பின்னால்தான் வீடு. விடுமுறை நாளென்றாலும் ஓடி வந்து, கரண்ட் வயரையும் நெட்வொர்க் வயரையும் மெஷின்களிலிருந்து பிடுங்கிவிடுவாள். காலையில் வந்து திரும்ப மாட்டுவாள். ஒரு வயரைக்கூட அவள் தரையில் விட்டு நான் பார்த்ததில்லை. இந்தப் பள்ளியில் தரையில் ஒரு பேனா கிடந்தாலும் குற்றம். நடக்கிற வழியில் எதுவும் கிடக்கவோ தொங்கவோ கூடாது என்பது பிள்ளைகள் சேருகிற முதல் நாளே எல்லோருக்கும் சொல்லித்தரப்படும் சட்டம்.

நவம்பர் 3, திங்கள்

ஒன்பதாம் மெஷினில் கருகிய வாசனை. என் கணவர் குஞ்ஞச்சன் அதை ஸ்கூட்டரில் கட்டி ரிப்பேருக்குக் கொண்டுபோனார். "கொடுத்தது தானம், ரிப்பேர் நம்ம செலவு" என்று முணுமுணுத்தார். போகட்டும், பதின்மூன்று போதும்.

நாளை எல்லாவற்றுக்கும் ஒரே சமயம். ஏற்கெனவே பேசிய இரண்டையும் அழித்துவிட்டேன். எல்லாம் ஒரே நிலையிலிருந்து தொடங்கட்டும். விடைத்தாளிலும் ஓரிரு வரிகளைத் திருத்தினேன்.

மாலையில் நல்ல இடி.

நவம்பர் 4, செவ்வாய்

ஒன்றுகூடப் பேசவில்லை.

பதின்மூன்று பொத்தான்களை ஷம்லாவும் மற்றப் பிள்ளைகளும் அமுக்கினார்கள். பதின்மூன்று விசிறிகள் சுற்றின. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சாப்பாட்டு மணி அடித்தது. அதற்குப் பிறகும் நின்றார்கள். கடைசியில் ஒருத்தன், "டீச்சரே, இதுங்க நம்மள மாதிரி இல்ல, ஊமையா?" என்றான். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கௌசல்யா திரையை மாட்டிப் பார்த்தாள். விலாசம் கேட்டேன், பதில் வரவில்லை என்று எழுதியிருக்கிறதாம். விஷயம் இதுதான்: மெஷின் விழித்ததும், "நான் யார், என் விலாசம் என்ன?" என்று வயரில் உரக்கக் கூப்பிடும். சர்வர் பதில் சொல்லவேண்டும். சொல்லவில்லை.

ஆனால் சர்வர் உயிரோடுதான் இருக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன்.

நவம்பர் 5, புதன்

இரண்டு மெஷின் பேசிக்கொண்டிருந்ததே. எதுக்கு அதை அழிச்சேன்? யார் கேட்டாங்க என்னை?

நேற்று முன்தினம் விடைத்தாளில் கைவைத்தது நான். அதனால் பழைய விடைத்தாளையே திரும்பப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. பதின்மூன்றும் ஒரே நேரத்தில் கூப்பிட்டதால் சர்வர் திணறியதோ என்று நினைத்து ஒன்றே ஒன்றைப் போட்டேன். அதுவும் இல்லை.

எல்லா வயரும் வந்து சேருகிற தட்டையான பெட்டி ஒன்று வாசல் பக்கம் மேசைமேல் இருக்கிறது. பினோய் அதைப் பார்க்கச் சொன்னான். கௌசல்யா பார்த்துவிட்டு, "எல்லா விளக்கும் உற்சவத்துக்குப் போட்ட மாதிரி ஜோரா மினுங்குது டீச்சரே, பெட்டிக்கு ஒரு குறையும் இல்ல" என்றாள். பினோய்க்கும் அதையே சொன்னேன். விளக்கு எரிந்தால் பெட்டி சரிதான் என்றான். பிறகு அவனே, இடி இறங்கிய பெட்டி விளக்கு எரித்துக்கொண்டே செத்திருக்கவும் வாய்ப்பு உண்டு என்றான்.

மெஷின்கள் ஏறினால் மட்டும் போதாது. பிள்ளைகள் எழுதுவது அந்த வயர் வழியாக சர்வரில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்துதான் அச்சாகவேண்டும். வயர் இல்லையென்றால் தேர்வே இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

குஞ்ஞச்சன் கூட்டுறவு சங்கத்துக் காரியதரிசியைப் பிடித்து, அங்கே சும்மா கிடந்த ஒரு பெட்டியை இரவல் வாங்கி வந்தார். மூன்றே வயர்களை மாட்டினோம்: சர்வர், ஒன்று, இரண்டு.

நமஸ்காரம், நான் தயார்.

நமஸ்காரம், நான் தயார்.

அவ்வளவுதான், பழைய பெட்டி இடியில் போயிருக்கிறது. மிச்ச வயர்களை எடுத்துப் புதுப் பெட்டியில் மாட்டிவிடும்படி கௌசல்யாவிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தோம். வழியில் குஞ்ஞச்சன், வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். மழை பிடித்துக்கொண்டது.

நவம்பர் 10, திங்கள்

மறுபடி.

சனிக்கிழமை இடி இடித்தது. கௌசல்யா வந்து எல்லாவற்றையும் பிடுங்கியிருக்கிறாள், காலையில் மாட்டியிருக்கிறாள். பொத்தானை அமுக்கினோம். பதினொன்று மௌனம். வெள்ளிக்கிழமை பேசிய இரண்டு மட்டும் பேசின, அவையும் "சர்வர் கிடைக்கவில்லை" என்றுதான் சொல்லின.

சுகதன் மாஷ் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. கோபப்படவும் இல்லை, அதுதான் கஷ்டம். அதிகாரி வியாழக்கிழமை வருகிறார், அவர் முன்னால் பிள்ளைகளை நிறுத்தி அவமானப்படுத்த வேண்டாம், எழுதிக்கொடுக்கிற பிள்ளைகளின் பட்டியலை எடுத்து வைத்திருக்கிறேன், புதன்கிழமை மாலை வரை பார்க்கலாம் என்றார்.

ஷம்லா கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அவர் போனதும் என் முழங்கையைத் தொட்டாள்.

"டீச்சரே, போன பரீட்சையில எனக்கு எழுதின பொண்ணுக்கு கை வலிச்சுது. அதனால என் பதிலை அவளே சுருக்கிட்டா. நான் ஒரு பக்கம் சொன்னேன், அவ நாலு வரி எழுதியிருக்கா. எனக்கு மார்க் வந்தப்போதான் தெரிஞ்சுது. அவமேல தப்பில்ல, சின்னப் பொண்ணு. ஆனா அது என் பதில் இல்லையே."

  இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று சொல்லலாம்தான். எனக்கே நம்பிக்கை இருந்தால்.

நவம்பர் 11, செவ்வாய்

நடந்ததை முறையாக எழுதவேண்டும். 

காலையில் மாஷ் கௌசல்யாவைக் கூப்பிட்டு, இரண்டாவது பெட்டியும் இடியில் போயிற்று என்றால் நீ ஒழுங்காகப் பிடுங்கவில்லை என்றுதானே அர்த்தம், அதுவும் இரவல் பெட்டி என்றார். கௌசல்யாவுக்கு வந்ததே கோபம். இத்தனை வருடத்தில் அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை.

"பிடுங்கலையா? நான் பிடுங்கலையா மாஷே? என் வீட்டு டிவிய அப்படியே விட்டுட்டு இங்க ஓடி வர்றவ நான். இப்போ செஞ்சு காட்டறேன், டீச்சரே சாட்சிக்கு இருக்கட்டும். ஒண்ணு மிச்சம் வெச்சா என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க."

மாஷ் வேண்டாம் என்றார். நான்தான், செய்யட்டும் மாஷே என்றேன். சமாதானத்துக்காகச் சொன்னது, வேறொன்றும் மனதில் இல்லை. பெட்டி இருந்த மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

கௌசல்யா தொடங்கினாள். முதலில் கரண்ட். பிறகு ஒன்றாம் மெஷின். வயரின் முனையில் ஒரு சின்னப் பிடிப்பு உண்டு, அதை அமுக்கி இழுத்தால் ஒரு மெல்லிய சத்தம். அந்த முனையை, யாரும் நடக்காத பெஞ்சுக்குப் பின்னால் போட்டாள். இரண்டு, மூன்று, அப்படியே சன்னல் பக்கம் முழுவதும். பிறகு வாசல் பக்கத்துக்கு வந்தாள். எட்டாம் மெஷின். பிடிப்பு விட்ட சத்தம். அவள் காலடி என்னை நோக்கி வந்தது. என் கைக்குப் பக்கத்தில் 'டிக்' என்று ஒன்று.

அது பிடுங்குகிற சத்தம் இல்லை. மாட்டுகிற சத்தம்.

"கௌசல்யே, இப்போ என்ன செஞ்சே?"

"என்ன செஞ்சேன்? தொங்கக்கூடாதுன்னு செருகி வெச்சேன்."

"எதுல?"

"பெட்டியிலதான் டீச்சரே. சும்மா கிடக்கிற ஓட்டை எத்தனை இருக்கு. இது புள்ளைங்க வர்ற வழி. வெளிய விட்டா கால்ல மாட்டிக்காதா?"

எழுந்து பெட்டியைத் தடவினேன். ஒன்பதாம் மெஷின் இருந்த இடத்துக்குப் போகிற வயரை விரலால் பிடித்துக்கொண்டே போனேன். சுவரோரமாகப் போய், ஆணியில் மடங்கி, சுவரோரமாகவே திரும்பி வந்து, அதே பெட்டியில் நுழைந்தது. இரண்டு முனையும் ஒரே பெட்டியில்.

வாசல் பக்கத்து நான்கில் மற்ற மூன்று வயர்களைக் காலையில் எடுத்து அவளே மெஷினில் மாட்டிவிடுவாள். ஒன்பதாவதற்கு மெஷின் இல்லை. ரிப்பேருக்குப் போயிருக்கிறது. அதனால் அது செருகியபடியே இருந்துவிட்டது. பெட்டி மாற்றியபோதும் சொன்னபடி ஒன்று விடாமல் எல்லாவற்றையும் எடுத்து மாட்டியிருக்கிறாள், அதன் இரண்டு முனைகளையும் சேர்த்து.

மாஷுக்கு விளங்கவில்லை. ஒரு வயர்தானே, சும்மா செருகியிருந்தால் என்ன என்றார். அவருக்கு இப்படிச் சொன்னேன். வகுப்பில், கேட்டதை உரக்கத் திருப்பிச் சொல்வதே வேலையாக ஒரு பையனை வைத்திருக்கிறீர்கள் மாஷே. யாராவது "என் விலாசம் என்ன?" என்று கூப்பிட்டால் அவன் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு தடவை சொல்வான். நல்ல ஏற்பாடு, இந்தப் பெட்டி அவன்தான். இப்போது அவன் வாயிலிருந்து அவன் காதுக்கே ஒரு குழாய் வைத்துவிட்டால்? சொன்னதைக் கேட்பான், கேட்டதைச் சொல்வான், அதையே மறுபடி கேட்பான். நிற்கவே மாட்டான். அந்த இரைச்சலில் மூலையில் இருக்கும் சர்வர் பதில் சொன்னாலும் யார் காதில் விழும்?

"அப்போ அந்த விளக்கெல்லாம் மினுங்கினது?" என்றாள் கௌசல்யா.

"அவன் கத்திக்கிட்டிருந்தான்."

 பிறகு, "டீச்சரே, தரையில போடாம இருந்தது தப்பா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மாஷ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒரு கொக்கி அடித்தால் போதுமே என்றார். அதுதான் அவருடைய மன்னிப்பு.

ஒன்பதாவது வயரைப் பிடுங்கினேன். மற்றவற்றைக் கௌசல்யா திரும்ப மாட்டினாள். பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பொத்தானை அமுக்கச் சொன்னேன்.

ஒன்றன்பின் ஒன்றாக, முன்பின்னாக, ஒன்றின் பேச்சை ஒன்று மறித்துக்கொண்டு — நான் தயார், நான் தயார். ஷம்லா எண்ணிக்கொண்டே வந்தவள் பாதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டாள்.

நவம்பர் 12, புதன்

பழைய பெட்டியையும் சோதித்தோம். அதற்கு ஒரு குறையும் இல்லை. இரவல் பெட்டி திரும்பிப் போயிற்று. குஞ்ஞச்சன் வாசல் பக்கம் நான்கு கொக்கி அடித்தார். கௌசல்யா உயரம் பார்த்துச் சொன்னாள்.

நவம்பர் 13, வியாழன்

அதிகாரி அம்மாள் வந்தார். பாடப்புத்தகத்திலிருந்து ஒரு பத்தியை வாசித்து ஷம்லாவை அடிக்கச் சொன்னார். மெஷின் எங்களுக்குப் பழகிய அதிவேகத்தில் பேசியதைக் கேட்டு, இது எந்த பாஷை என்றார்.

"மலையாளந்தான் மேடம். கொஞ்சம் அவசரத்துல இருக்கு" என்றாள் ஷம்லா.

அச்சானதை வாசித்துப் பார்த்தார். ஒரு பிழை கண்டுபிடித்தார். அது அவர் வாசித்ததில் இருந்த பிழை என்று ஷம்லா சொன்னாள்.  நல்லவேளை, அம்மாள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா" என்றார்.

அந்த நேரம் பார்த்து இடி. கௌசல்யா வாசலில் வந்து நின்றுவிட்டாள். மேடம் முடிக்கணும், இல்லையென்றால் பிடுங்கிவிடுவேன் என்றாள். அம்மாள் எழுந்தார். அனுமதி உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழுதி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

மார்ச் 5, வியாழன்

இன்று முதல் தேர்வு. வெளியாட்களுக்கு உள்ளே இடமில்லை. வராந்தாவில் உட்கார்ந்து வெறும் விசைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முடிந்த பிறகு எல்லோரும் வெளியே வந்தார்கள், ஷம்லாவின் விடைத்தாள் மட்டும் வரவில்லை. அச்சாகிக்கொண்டே இருக்கிறதாம். நடுவில் காகிதம் தீர்ந்து, கண்காணிப்புக்கு வந்திருந்த வேறு பள்ளி மாஷ் அலுவலகத்துக்கு ஆள் அனுப்பினார். கௌசல்யா ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினாள். "இந்தப் பொண்ணு என்ன எழுதித் தள்ளியிருக்கா டீச்சரே" என்று ஓடிக்கொண்டே கேட்டாள்.

அடுத்த வருடம் அறையை வேறொருவர் பார்த்துக்கொள்வார். இந்தக் குறிப்புகளை அந்த சர்வரிலேயே போட்டு வைக்கிறேன். வாசிக்கிறவருக்கு ஒன்றே ஒன்று: மெஷின்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டால், சர்வரில் இருக்கும் விடைத்தாளில் கைவைக்கும் முன் பெட்டியில் செருகியிருக்கிற ஒவ்வொரு வயரையும் விரலால் பிடித்துக்கொண்டு அதன் மறுமுனை வரை நடந்து போய்ப் பாருங்கள்.